கங்காணி நாக்கு

பவுனம்மாள் வாயைத் திறந்தால் பெட்டாலிங்கில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். நான் பெருக்கிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மாதம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும். ரயில்வேக்காரன் கட்டிய சுவர் அது. இஞ்சின் போகிற அதிர்வுக்கெல்லாம் அசையாது. அவள் சிரித்தால் மட்டும் அதில் மாட்டியிருந்த என் முருகன் படம் கோணிக்கொள்ளும். நான் எழுந்து போய் நிமிர்த்தி வைப்பேன். மறுபடி சிரிப்பாள். மறுபடி எழுந்து போவேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த வயதில் முழங்கால் வலிக்கிறதென்றால், அதில் பாதி அவள் சிரித்ததால் வந்தது.

முதல் உலகச் சண்டைக்கு முந்திய வருஷம். நான் கோலாலம்பூர் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தப் பாதையில் போக வேண்டுமோ அந்தப் பாதைக்கு விசையைத் தள்ளிவிடுகிற வேலை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த லைன் வீடு. பக்கத்து வீட்டில் இராமலிங்கம் அண்ணன். தண்டவாளக் கேங்கில் சம்மட்டி பிடிக்கிறவர். பெண்டாட்டி செத்துப் பல வருஷம் ஒண்டியாக இருந்தார். அவர் பேசிக் கேட்டவர்கள் ஊரில் குறைவு. ஊமையை வேலைக்கு வைத்தது யார் என்று புதிதாக வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டதாகச் சொல்வார்கள். சொன்னது நான்தான்.

அந்த மனிதருக்குத்தான் பவுனம்மாள் வாழ்க்கைப்பட்டாள். அவளுக்கும் இரண்டாந்தாரம். காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டம், நாங்கள் கித்தாத் தோட்டம் என்போம், ஒன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவள். கார்த்திகையில் பேச்சு முடிந்தது, தையில் பொங்கல் கழிந்ததும் கல்யாணம். தாலியின் மஞ்சள் காயுமுன்னே அடுப்பை வாசலுக்கு இழுத்துப் போட்டு ஆப்பம் சுட ஆரம்பித்துவிட்டாள். காலை ஷிப்டுக்குப் போகிற ஃபயர்மேன், ஷெட்டில் இஞ்சின் துடைக்கிறவன், யாரும் அந்தச் சட்டியைத் தாண்டிப் போக முடியாது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் தேங்காய்ப்பால் தேங்கி நிற்கும் ஆப்பம். அதைத் தின்றுவிட்டுப் போய் நான் விசை தள்ளிய வண்டிகள் தாமாகவே சரியான பாதையில் போயின.

மாசி பிறந்த வாரம் ஒரு காலையில் மலாய்க்கார மாத்தா ஒருவர், போலீஸ் உடுப்பில், அந்தச் சட்டிக்கு முன்னால் வந்து நின்றார். ஆப்பத்துக்கு என்று நினைத்து ஒரு வாழையிலைத் துண்டை நீட்டினாள். அவர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"என்ன லா இது?"

மாத்தாவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். "வாரண்டு. தோட்டம்... லாரி," என்று மலாயில் தடுமாறிவிட்டுத் தமிழைப் பிடித்தார். "ஓடிப் போயாச்சு. நீ வா, போலீஸ்."

"ஓடிப் போனேனா? நானா?" கரண்டி சட்டியின் விளிம்பில் டங்கென்று இறங்கியது. "ஒரு மாசத்துக்கு முன்னாடி கங்காணிகிட்டச் சொல்லிட்டு, மார்கழி முழுக்கப் பனியில நடுங்கிக்கிட்டு மரம் சீவிக் கொடுத்துட்டு, ஊருக்கெல்லாம் வெத்தலை பாக்கு வச்சுக் கல்யாணம் கட்டிக்கிட்டு ரயில் ஏறி வந்தவளாய்யா ஓடிப் போனவ? ஓடிப் போறவ அம்மிக்கல்லைத் தூக்கிட்டா ஓடுவா?"

அம்மிக்கல் உண்மை. அவள் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சீர் அதுதான். அதைத் தூக்கி வந்த ரயில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தே கோலாலம்பூர் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்துச் சட்டம் இதுதான். தோட்டத்தை விட்டுப் போகிற ஆள் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போனால் ஓடிப்போன ஆள். பிடித்து ஜெயிலில் போடுவார்கள், வெளியே விட்டதும் மறுபடி அதே லயத்து வீடு, அதே மரம், அதே கங்காணி. இவளோ சொல்லியிருக்கிறாள். ஆனால் வாயால் சொன்னது. கேட்டது கங்காணி ஒருவருடைய காது.

"துங்கு டூலு," கொஞ்சம் பொறு என்று மாத்தாவிடம் மலாயில் சொல்லிவிட்டு, சட்டியில் ஊற்றியிருந்த மாவு வேகும்வரை நின்றாள். அந்த ஆப்பத்தை மாத்தாவின் கையிலேயே வைத்தாள். "தின்னு. உன் மேல என்ன கோவம்? குடுத்தனுப்பினவன் கோவணத்துல கொள்ளி விழ."

தின்றுகொண்டே அவளைக் கூட்டிப் போனார். இராமலிங்கம் அண்ணன் சம்மட்டியோடு வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் அப்படியே நின்றார். அவள் திரும்பிப் பார்த்து, "மாவு மிச்சமிருக்கு, புளிச்சிடப் போகுது, பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொடுத்துடுங்க," என்றாள்.

அவர் தலையாட்டினார். அவள் போன திசையிலேயே வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

லைன் வீடு அடங்கிப் போயிற்று. தண்டவாளத்தில் கல் உருள்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. முருகன் படம் ஆணியில் நேராகத் தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி பிலோமினா அம்மா வீடு. ஸ்டேஷன் குமாஸ்தாவாக இருந்து காலமானவரின் மனைவி; மாதா கோயிலுக்குப் போகிற வழியில் தினமும் பவுனம்மாளிடம் நாலு ஆப்பம் வாங்கிக்கொண்டு போகிறவர். அவர் மகன் மாரிஸ் சீமைக்குப் போய்ப் படித்து வந்த வக்கீல். அன்று அவர் கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மாரிஸு, ஆப்பக்காரியைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிருச்சாம். போயிப் பாரு," என்றார் தாய்.

"மம்மி, எனக்கு இன்னைக்கு ஒரு செட்டியார் கேஸ் இருக்கு."

"செட்டியார் உனக்கு ஆப்பம் சுட்டுத் தருவாரா?"

வக்கீல்களில் ஹைகோர்ட்டு ஜட்ஜுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. பிலோமினா அம்மாவுக்குப் பயப்படாத மாரிஸ் கிடையாது.

பவுனம்மாளை, தோட்டம் இருக்கிற கிள்ளான் பக்கம் கொண்டு போயிருந்தார்கள். லாக்கப்பின் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் மாரிஸ், நான், அண்ணன். உள்ளே அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"வக்கீலய்யா, மறுபடி அந்தத் தோட்டத்துக்கு அனுப்பிடுவாங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"பார்ப்போம்மா. நீங்க முன்னாடியே சொன்னதுக்குச் சாட்சி உண்டா?"

"கார்த்திகைத் தீபத்தன்னைக்குச் சொன்னேன். லயத்து வாசல்ல விளக்கு வச்சுக்கிட்டிருந்தேன். கங்காணி வந்தாரு. 'எனக்குக் கல்யாணங்க, தை பொறந்தா போயிருவேன், வேற ஆளைப் போட்டுக்குங்க'ன்னேன். 'சரி சரி'ன்னாரு. பக்கத்துல ஒரு நாய் நின்னுச்சு. வேற யாருமில்ல."

"நாயைக் கூப்பிட முடியாதே," என்று மாரிஸ் வாரண்டின் நகலைப் பிரித்தார். "இதுல என்ன இருக்குன்னா, சபாபதிங்கிற கங்காணி மாஜிஸ்ட்ரேட் முன்னால நேர்ல வந்து, சத்தியம் பண்ணி, நீங்க ஓடிப் போனதாப் பிராது குடுத்திருக்காரு. ஜனவரி, பொங்கல் கழிஞ்ச மறுவாரம் புதன்கிழமை. காலையில."

பவுனம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் புதன்கிழமை?"

"பொங்கலுக்கு மறுவாரத்துப் புதன்."

"அன்னைக்குத் தைப்பூசமில்ல!"

அப்புறம் அவள் சிரித்தாள். லாக்கப்புக்கு வெளியே நின்ற சீக்கியச் சிப்பாய் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"காலையிலயா? சத்தியம் பண்ணினாரா? வாயைத் தொறந்தா? வக்கீலய்யா, அன்னைக்குக் காலையில அந்த ஆளு நாக்குல வேலு குத்திக்கிட்டுப் பத்துமலையில காவடி தூக்கிட்டுப் போனாருய்யா! இந்தா, என் சுண்டுவிரல் தண்டி வேலு!"

சுண்டுவிரல் தண்டி இல்லை. விளக்குமாற்றுக் குச்சி தண்டி. நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் நான் ஏன் குறுக்கே விழ வேண்டும்?

மாரிஸ் வேதக்காரர். "நாக்கிலயா?" என்று தம் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "அதை எடுத்த பிறகு பேசலாமில்லையா?"

"மலை ஏறி எடுத்த பெறகும் மவுன விரதம் அய்யா. மறுநாள் பூசை முடியற வரைக்கும் ஒரு சொல்லு பேசக்கூடாது. பேசினா வேண்டுதலே போச்சு."

"சரி. அவர் அப்படிப் போனதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேனாவா?" என்று பவுனம்மாள் வெட்கப்பட்டாள். என் வாழ்நாளில் அவள் வெட்கப்பட்டதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். பூசத்தன்று பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ஸ்பெஷல் ரயிலில் ஏறிப் பத்துமலைக்குப் போனோம். ஆற்றங்கரையில் காவடிக்காரர்கள் குளித்து அலகு குத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் சபாபதி கங்காணி. ஆறடி உயரம். தோளில் மயில் இறகுக் காவடி. அவருடைய சின்ன மகளுக்கு அம்மை கண்டு, பிழைப்பது கஷ்டம் என்றிருந்த நேரத்தில் நேர்ந்துகொண்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. மனைவி தங்கமணி பால்குடத்தோடு பின்னால் நடந்தாள்.

தோட்டத்தில் அந்தக் கங்காணியின் வாய்க்குப் பயந்து மரமே பால் சுரக்கும். விடியற்காலம் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவர் கத்துகிற கத்தலில் காப்பார் கடற்கரை நண்டுகள் வளைக்குள் போய்விடும். அந்த வாய்க்கு வெள்ளி வேலால் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது! பவுனம்மாள் பார்த்தாள். கல்யாணமாகிச் சில நாள்தான் ஆன புதுப்பெண், முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க கங்காணியாரே, சவுக்கியமா? பெரட்டுல என்னை 'ஏ கழுதை'ம்பீங்களே, இப்பக் கூப்பிடுங்க பாப்போம்!"

"அரோகரா!" என்றது கூட்டம்.

"என் பால்ல தண்ணி கலந்திருக்குன்னு அரைப்பேர் போட்டு அரைக்கூலி குடுத்தீங்களே, மழை பேஞ்சா மரத்துல கட்டின மங்குல தண்ணி விழாம அரிசியா விழும்? சொல்லுங்க! ஏன் பேச மாட்டேங்கறீங்க? மரியாதை இல்லாத மனுஷன்!"

"வேல் வேல்!"

"காய்ச்சலாப் படுத்தவளைக் காலைப் பிடிச்சு இழுத்தீங்களே..."

அன்று ஆற்றங்கரையிலிருந்து மலையடி வரை பேசினாள். அந்தக் காலத்தில் படிக்கட்டு ஏது? வேரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். வேரைப் பிடித்துக்கொண்டும் பேசினாள். கங்காணியின் கண் இரண்டும் மிளகாய்ப் பழம். காவடியில் இருந்த மயில் இறகெல்லாம் கோபத்தில் தனித்தனியாக நடுங்கின. கடைசியில் குகையில் இருந்த வௌவால்கள், இனி இங்கே தூங்க முடியாது என்று கூட்டமாகக் கிளம்பி ரவாங் பக்கம் போய்விட்டன. தங்கமணி பால்குடத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் சொல்ல மாட்டேன். குடத்துப் பால் மட்டும் குலுங்கியது. இராமலிங்கம் அண்ணன் புதுமாப்பிள்ளைக் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

இதையெல்லாம் கேட்டு முடித்த மாரிஸ் நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். "அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. ஒருத்தரைப் பிடிக்க வாரண்டு வேணும்னா, பிராதுக்காரன் நேர்ல வந்து சத்தியம் பண்ணிச் சொல்லணும், மாஜிஸ்ட்ரேட் அவனைக் கேள்வி கேக்கணும். அது நடக்கலேன்னா இந்த வாரண்டு செல்லாது. நீங்க ஓடினீங்களா இல்லையாங்கிற பேச்சுக்கே நான் போகப் போறதில்லை. முதல்ல இந்தக் கடுதாசியை உடைக்கிறேன்."

"உடைச்சுப் போடுங்க அய்யா. உங்களுக்கு ஆயுசுக்கும் ஆப்பம்."

"மம்மிக்குக் குடுங்க. எனக்கு ரொட்டிதான் பிடிக்கும்."

எந்தக் கோர்ட்டு என்று கேட்காதீர்கள். கட்டடம் இன்னும் நிற்கிறது. கிள்ளானில் ரயிலை விட்டு இறங்கி மாட்டுவண்டி பிடித்துப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரணையன்று பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் அங்கே இருந்தோம். வழியெல்லாம் மழை. மாட்டுவண்டிக்குள் எல்லோரும் முருங்கைக்காய்க் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு போனோம். யாரோ பொட்டலத்தில் கட்டி வந்த புளிச்சோற்றின் வாசனை எங்களுக்கு முன்னாலேயே கோர்ட்டுக்குள் நுழைந்தது.

வாரண்டில் கையெழுத்துப் போட்ட மாஜிஸ்ட்ரேட் துரை லீவில் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். மேடையில் இருந்தவர் புதிது. இளவயது, வெயிலில் வெந்து இறால் நிறம். அவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு துபாஷி. எதிர்ப்பக்கம் மீசைக்காரப் போலீஸ் இன்ஸ்பெக்டர். பின்பெஞ்சில் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவர், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் தங்கமணி, மடியில் அம்மைத் தழும்போடு அந்தச் சின்னப் பெண்.

"சபாபதி கங்காணி!" என்று கூப்பிட்டார்கள்.

கங்காணி வந்தார். கறுப்புக் கோட்டு, வேட்டி, கையில் குடை. நாலு பக்கமும் பார்த்தார். விறுவிறுவென்று நடந்து நேராகக் குற்றவாளிக் கூண்டில் ஏறி, பவுனம்மாளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"வாங்க," என்றாள் பவுனம்மாள். "ரெண்டு பேரும் சேந்தே ஜெயிலுக்குப் போவோம்."

கோர்ட்டு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. துபாஷி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினார். மாரிஸ் எழுந்தார்.

"கங்காணியாரே, இந்தப் பிராது நீங்க குடுத்ததா?"

"ஆமாங்க."

"நேர்ல வந்து?"

கங்காணி பின்பெஞ்சைப் பார்த்தார். கிராணி கண்ணை மூடித் திறந்தார். "ஆமாங்க."

"இதே கோர்ட்டுல? சத்தியம் பண்ணி?"

"ஆமாங்க."

"வாயைத் திறந்து?"

"வாயைத் தொறக்காம எப்படிங்க சத்தியம் பண்றது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அன்னைக்குத் தைப்பூசம். நீங்க பத்துமலையில நாக்குல அலகு குத்திக் காவடி எடுத்தீங்களாமே?"

கங்காணி குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "காவடி... அது வந்துங்க..." என்று இழுத்தார்.

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். இதெல்லாம் அந்தப் பெண்ணின் ஆட்கள் கட்டிவிட்ட கதை. சாட்சிகள் அத்தனை பேரும் பிரிக்பீல்ட்ஸ். ஒரு மாதத்துக்குள் நாக்கில் குத்திய காயம் மறையுமா? இந்த ஆள் நாக்கை நீட்டட்டும், கோர்ட்டார் பார்க்கட்டும் என்றார்.

அப்படியே ஆயிற்று. கங்காணி நாக்கை நீட்டினார். வெற்றிலைச் சிவப்பில் அகலமான நாக்கு. மடித்தால் ஒரு கைத்துண்டு ஆகும். மாஜிஸ்ட்ரேட் துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடையிலிருந்து குனிந்தார். துபாஷி குனிந்தார். இன்ஸ்பெக்டர் குனிந்தார். மாரிஸ் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

தழும்பு இல்லை. கீறல்கூட இல்லை.

இராமலிங்கம் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். சம்மட்டி பிடிக்கிற கை. அந்த எலும்பு இன்னும் மழை வந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்லும்.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு ஜெயித்த குரலில் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். தழும்பு இல்லை என்பதோடு நிறுத்தியிருந்தால் பவுனம்மாள் காப்பாருக்குப் போயிருப்பாள். துபாஷி தம் வேலையைச் செய்தார்.

"கங்காணி, அய்யா சொல்றாரு, நீங்க அலகே குத்தலையாம். வேலை ரெண்டு துண்டா ஒடிச்சு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணாப் பல்லுல கடிச்சுக்கிட்டு வேஷம் போட்டீங்களாம். அதனாலதான் காயம் இல்லையாம். சும்மா காட்டிட்டு, அதே காலையில இங்க வந்து பிராது குடுத்தீங்களாம். சரிதானே?"

'சரி' என்று ஒரு சொல். அதைச் சொல்லத்தான் கங்காணி வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

பின்பெஞ்சில் தங்கமணி எழுந்து நின்றுவிட்டாள். இடுப்பில் பிள்ளை.

"என்னங்க. பதில் சொல்லுங்க. புள்ளைக்கு எடுத்த காவடி."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மயிர் கூச்செறிந்தது. கங்காணி மகளைப் பார்த்தார். அது தாயின் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அப்புறம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். பெரட்டில் கத்துகிற அந்தக் குரல் கோர்ட்டுக்குள் புறப்பட்டது. கூரை ஓட்டிலிருந்து பல்லி ஒன்று துபாஷியின் மேஜையில் விழுந்தது. இதில் ஒரு சொல்கூட நான் பெருக்கவில்லை.

"யாரு சொன்னது வேஷம்னு? யாருய்யா சொன்னது? ஒரு மண்டலம் விரதம் இருந்து, தரையில படுத்து, ஒருவேளைச் சோறு தின்னு எடுத்த காவடிய்யா! இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வாங்கின வேலு! ரத்தம் வரல, தழும்பு இல்லைன்னா என்ன அர்த்தம்? விரதம் சுத்தம்னு அர்த்தம்! முருகன் போட்ட தையல்யா அது! வேலைப் பல்லுல கடிச்சேனா? அப்படிச் செஞ்சிருந்தா இந்தப் புள்ளை இன்னைக்கு உக்காந்திருக்குமா?"

துபாஷி மூச்சு வாங்க மொழிபெயர்த்தார். மாஜிஸ்ட்ரேட் மெதுவாகக் கேட்டார். மாரிஸ் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்படியானால் அன்று நீ இந்தக் கோர்ட்டுக்கு வரவில்லை?"

"இந்தக் கோர்ட்டு எந்தப் பக்கம் பாத்திருக்குன்னே இன்னைக்குத்தாங்க எனக்குத் தெரியும்! போன ஆளுங்க பேரைக் கிராணி எழுதி அனுப்புவாரு, வாரண்டு வரும். எல்லாம் அப்படித்தாங்க வழக்கம். நான் எதுக்கு வரணும்?"

கிராணி கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

மாஜிஸ்ட்ரேட்டின் இறால் நிறம் நண்டு நிறமாயிற்று. கோர்ட்டு எழுத்தர் தம் மேஜை இழுப்பறையை முழங்காலால் மெல்லத் தள்ளி மூடினார். பழைய துரை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுக் காகிதம் இன்னும் எத்தனை உள்ளே இருந்ததோ! துரை அந்த வாரண்டை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கினார். பிராது இல்லை, சத்தியம் இல்லை, ஆகவே வாரண்டு செல்லாது, அதைக்கொண்டு பிடித்ததும் செல்லாது, அந்தப் பெண்ணை இந்த நிமிஷமே விடுங்கள் என்றார். கங்காணியைப் பார்த்து, முதலில் ஒன்று சொல்லிப் பிறகு இன்னொன்று சொன்னதற்கு உன்னையே உள்ளே போட்டிருப்பேன், கடைசியில் உண்மையைச் சொன்னதால் விடுகிறேன் என்றார். கடைசியாக ஒன்றும் சேர்த்தார். தோட்டத்துக்கு இன்னும் குறை இருந்தால், கங்காணி நேரில் வந்து சத்தியம் செய்து புதிதாகப் பிராது கொடுக்கலாம். இன்றைக்கே கொடுத்தாலும் கேட்பேன்.

அந்தக் கடைசிச் சொல்தான் எங்களை வராந்தாவில் நிறுத்தியது. மாரிஸ் பவுனம்மாளிடம், "நடங்க, சீக்கிரம் நடங்க. இது கடுதாசிதான் உடைஞ்சிருக்கு. மறுபடி குடுத்தா மறுபடி பிடிப்பாங்க," என்றார். அந்தப் பக்கம் கிராணி கங்காணியின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "வாங்க, இப்பவே குடுத்துடுவோம். சொல்லாமப் போனான்னு ஒரு வார்த்தை. தோட்டத்துப் பெரிய துரைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பவுனம்மாள் மாரிஸ் காட்டிய வழியில் நடக்கவில்லை. நேராகக் கங்காணியிடம் போனாள். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் என்ன பேசப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், பத்துமலையில் கேட்டவர்கள்தானே. தங்கமணி பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

"நாக்கு நெசமாவே ஆறிப் போச்சா?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

"ஆங்?"

"வலிக்குதாங்கறேன். காரம் திங்க முடியுதா?"

"மொத நாளே ஆறிப் போச்சு."

"எங்க, காட்டுங்க. அத்தனை பேரும் பாத்தாங்க, நான் கூண்டுக்குள்ள இருந்தேன், சரியாத் தெரியல."

மயில் இறகுக் காவடி தூக்கிய அந்த ஆறடி ஆள் கொஞ்சம் குனிந்து, நாக்கை நீட்டினார். பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகா! பொட்டு அடையாளம் இல்லையே!" என்றாள். கங்காணியின் முகம் மலர்ந்தது. நாக்கு இன்னும் வெளியேதான் இருந்தது, எல்லோரும் பார்க்கட்டும் என்று.

அப்போதுதான் கேட்டாள், அதே குரலில், அம்மியில் அரைத்துக்கொண்டே பேசுகிற மாதிரி.

"கார்த்திகைத் தீபத்தன்னைக்கு நான் சொன்னேனா, இல்லையா?"

நாக்கு நீட்டிய மனிதன் என்ன பேச முடியும்? கிராணி, "கங்காணி! கங்காணி!" என்றார். கங்காணி தங்கமணியைப் பார்த்தார். சுத்த விரதக்காரன் என்று இப்போதுதான் ஊர் பார்த்த நாக்கு. அதை உள்ளே இழுத்து, அதாலேயே பொய் சொல்ல வேண்டும்.

அவர் அதை உள்ளே இழுக்கவில்லை. நீட்டியபடியே ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஒரு தரம், பிறகு நன்றாக ஒரு தரம்.

"துபாஷி அய்யா பாத்தீங்களா?" என்றார் மாரிஸ்.

"பாத்தேன் சார். மொழிபெயர்க்கணுமா?"

கிராணி கோட்டுக் கையை விட்டுவிட்டார். மழையில் குடையில்லாமலே இறங்கிப் போனார். கங்காணி வாயை மூடி, வெட்கத்தோடு உதட்டைத் துடைத்துக்கொண்டார். "பத்துச்சீட்டை அனுப்பி வைக்கறேன்," என்றார். கணக்கு முடித்து ஆளை விட்டாயிற்று என்று தோட்டம் கொடுக்கிற சீட்டு அது. அது கையில் வந்துவிட்டால் யாரும் தேடி வர மாட்டார்கள்.

"நீங்களே கொண்டாங்க," என்றாள் பவுனம்மாள். "தங்கமணியையும் புள்ளையையும் கூட்டிட்டு வாங்க. ஆப்பம் சுட்டுத் தாரேன். தேங்காப்பால் ஊத்தி, காரமில்லாம."

"காரம் போடு," என்றார் கங்காணி. "நான் திம்பேன்."

திரும்புகிற ரயிலில் பவுனம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்தாள். கிள்ளான் ஆறு போயிற்று, கித்தாக் காடு வரிசை வரிசையாகப் போயிற்று. அவள் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். புளிச்சோற்றைப் பிரித்தோம். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லாக்கப்பில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்குள் குடைந்தது.

பெட்டாலிங் தாண்டியதும் இராமலிங்கம் அண்ணன் தொண்டையைச் செருமினார். பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"பவுனு," என்றார். "பேசு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. துடைக்காமலே ஆரம்பித்தாள். "என்னத்தைப் பேசறது? அந்த மாவை என்ன பண்ணினீங்க? புளிக்க விட்டுட்டீங்களா? சட்டியைக் கழுவினீங்களா? நான் இல்லேன்னா..." பிரிக்பீல்ட்ஸ் வந்தது. ரயில் நின்றது. அவள் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் சட்டையைக் கழற்றும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. அண்ணன் ஏதோ சொல்லியிருக்கிறார்! முருகன் படம் ஆணியில் ஆடிக் கோணலாக நின்றது.

அன்றைக்கு நான் அதை நிமிர்த்தவில்லை.